உம்முத் திமாக்: மூளையுறையில் பல கட்டிகள் காணப்பட்டால்

மக்காவை உம்முல் குரா என்கிறோம். ஸூரத்துல் ஃபாத்திஹாவுக்கு உம்முல் குர்ஆன் என்று ஒரு பெயர் உண்டு. ஒன்றுக்கு மூலமாக நிற்பதையும் ஒன்றைச் சூழ்ந்து காப்பதையும் 'உம்மு', அதாவது தாய் என்று சொல்வது அரபு வழக்கு. அந்த வழக்கின்படியே மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கு அரபு மருத்துவர்கள் 'உம்முத் திமாக்', மூளையின் தாய் என்று பெயர் வைத்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அலீ இப்னு அப்பாஸ் அல்-மஜூஸி எழுதிய 'கிதாபுல் மலகீ' என்ற பெரும் மருத்துவ நூலை 1127 இல் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் என்பவர் லத்தீனுக்குப் பெயர்த்தார். அரபியில் தடித்த தாய், மெல்லிய தாய் என்று இருந்தவை லத்தீனில் 'டியூரா மேட்டர்', 'பியா மேட்டர்' ஆயின. இன்று உலகத்து மருத்துவ மாணவர் எல்லாரும் படிக்கும் பெயர்கள் அவைதான். தமிழில் நாம் வன்றாயி, மென்றாயி என்கிறோம். வன் + தாயி, மென் + தாயி. அரபுத் தாய் லத்தீன் வழியாகச் சுற்றி வந்து தமிழிலும் தாயாகவே நிற்கிறாள்.

மருத்துவர்கள் மட்டுமல்ல, நமது ஃபுகஹாக்களும் இந்த உறையை அறிந்திருந்தார்கள். தலைக்காயங்களுக்கு நட்டஈடு சொல்லும் பகுதியில், எலும்பையும் கடந்து மூளையுறை வரை எட்டிய காயத்துக்கு 'மஃமூமா' என்று தனிப்பெயர் உண்டு. அதற்கு முழுத் தியத்தில் மூன்றில் ஒரு பங்கு. உறையையும் கிழித்துச் சென்ற காயம் 'தாமிகா'. எந்த அடுக்கு வரை காயம் போனது என்று பார்த்துத்தான் சட்டமே தீர்மானிக்கப்பட்டது.

நான் எழுத வந்தது இந்தத் தாய்ச் சவ்வில் தோன்றும் கட்டிகளைப் பற்றி. அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் ஒரே ஆளிடம் காணப்படும் நிலையைப் பற்றி. அப்புத்தளையில் படிப்பிக்கிற எனக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஸ்கேன் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. தோட்டத்து லயத்திலிருந்தும் வருவார்கள், டவுன் கடைவீதியிலிருந்தும் வருவார்கள்: "சேர், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க." நான் தமிழ் படித்தவன், அறிக்கைக்கு வைத்தியர்தான் பொருள் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தான் வாசிப்பேன். ஆனால் 'மல்டிப்பல்' என்ற சொல்லைத் தமிழில் 'பல' என்று சொன்ன நிமிடமே முகம் மாறிவிடுகிறது. "பல கட்டி ஈக்கிதெண்டா பரவிட்டுது தானே? இனி ஒண்டும் செய்யேலாது தானே?" இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'இல்லை' என்பதுதான். ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொண்டால், வைத்தியரிடம் போகும் குடும்பம் அரைவாசிப் பயத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

உறையும் கட்டியும்

மூளையையும், முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணையும் மூன்று அடுக்கு உறை மூடியிருக்கிறது. வெளியே மண்டையோட்டை ஒட்டித் தோல் போலத் தடித்தது வன்றாயி. நடுவில் இருப்பது சிலந்தி வலை போன்றது. உள்ளே மூளையின் மடிப்பு ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கிடப்பது மென்றாயி. நடு அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் இடையில் தெளிந்த நீர் ஒன்று சுற்றி ஓடுகிறது. நாம் பேசும் கட்டிகள் நடு அடுக்கின் கலங்களில் தொடங்கி வன்றாயியில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் 1922 இல் இவற்றுக்கு 'மெனிஞ்சியோமா' என்று பெயரிட்டார்.

இந்தக் கட்டி மூளைக்குள் பிறப்பதல்ல. வெளியே இருந்து மூளையை அழுத்துவது. பலாப்பழத்தின் தோலில் ஒரு முடிச்சு உட்பக்கமாக வளர்ந்தால் சுளை நசியும். சுளை அழுகியது என்று ஆகாது. நூறு மெனிஞ்சியோமாக்களில் ஏறக்குறைய எண்பது, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் முதலாம் தரம்: மெதுவாக வளர்பவை, புற்றுநோய் அல்லாதவை. பல கட்டிகள் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். வளராமலே இருப்பவையும் உண்டு. இரண்டாம் தரம் திரும்ப வரும் இயல்பு கூடியது. மூன்றாம் தரம் புற்றுநோயின் குணம் கொண்டது, அது அரிது.

மெனிஞ்சியோமா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவர்களிடமே ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் காணப்படுகின்றன. 1889 இலேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதப்பட்டுவிட்டது. சீ.டி., எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, முன்பு கண்ணில் படாத சிறு கட்டிகளும் தெரிய, எண்ணிக்கை கூடியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரலிலோ சுவாசப்பையிலோ புற்றுநோய் 'பரவியது' என்றால் நோய் முற்றிய கட்டம். மூளையுறையில் 'பல' என்பது பெரும்பாலும் அந்தப் பொருளில் வருவதில்லை. நான்கு முதலாம் தரக் கட்டிகள் சேர்ந்து ஒரு நான்காம் கட்டப் புற்றுநோய் ஆகிவிடாது.

ஏன் பல?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வைத்தியரின் முதல் வேலை. காரணத்தைப் பொறுத்துக் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டியதும் மாறும்.

முதலாவது: ஒரே கட்டியின் கலங்களே உறை வழியாகவோ அந்தத் தெளிந்த நீர் வழியாகவோ போய் வேறு இடத்தில் ஊன்றிக்கொள்ளலாம். ஒரே ஆளின் வெவ்வேறு கட்டிகளில் ஒரே மரபணு மாற்றம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு சிலரில் ஒவ்வொரு கட்டியும் தனித்தனியே பிறந்ததாக இருக்கிறது.

இரண்டாவது: பிறப்பிலேயே வரும் ஒரு மரபணுக் கோளாறு. 22 ஆம் நிறமூர்த்தத்தில் 'என்.எஃப்.2' என்றொரு மரபணு உண்டு. 1993 இல் கண்டுபிடிக்கப்பட்டது. கலங்கள் கட்டுமீறி வளராமல் தடுக்கும் 'மெர்லின்' என்ற புரதத்தை அது ஆக்குகிறது. அது பழுதானவர்களுக்கு இரண்டு காதின் நரம்புகளிலும் கட்டி வந்து கேள்விப்புலன் குறையும். மூளையுறையிலும் முள்ளந்தண்டிலும் பல கட்டிகள் வரும். கண்ணில் இளவயதிலேயே புரை விழலாம். இருபது முப்பது வயதில் பல கட்டி காணப்பட்டால் வைத்தியர் முதலில் இதைத்தான் நினைப்பார். நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது போவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேர், குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் முதலாவதாக இதைப் பெறுபவர்கள். நம் ஊர்களில் உடனே "சொந்தத்துக்குள்ள முடிச்சதாலதான்" என்பார்கள். மாமி மகளை மணந்தது இதற்குக் காரணமல்ல. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுதான பிரதியே இதற்குப் போதும். ஒரு குடும்பத்துப் பெண்ணைக் குற்றவாளியாக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது: சிறுவயதில் தலைக்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சை. இஸ்ரேலில் 1950களை ஒட்டிய ஆண்டுகளில், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தலைப்படையை மாற்றவென்று கதிர் பாய்ச்சினார்கள். பல வருடங்கள் கழித்து அவர்களிடையே மெனிஞ்சியோமா கூடியிருப்பது தெரிய வந்தது. 1974 இல் முதல் ஆய்வு வெளியானது. கதிரால் வரும் கட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருப்பதும் கூடுதல். இன்று இரத்தப் புற்றுநோய்க்காகச் சிறுவயதில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். கைமுறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேயை நினைத்துப் பயப்பட வேண்டாம். இது அந்த அளவிலான கதிரல்ல.

நான்காவது: ஓமோன். மெனிஞ்சியோமா ஆண்களைவிடப் பெண்களுக்கே கூட. கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்டரோன் ஓமோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இருக்கின்றன. 2024 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, நம் பெண்கள் 'மூணு மாச ஊசி' என்று சொல்லும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களிடம், சத்திரசிகிச்சை தேவைப்படும் மெனிஞ்சியோமா ஏறக்குறைய ஐந்து மடங்குக்கும் மேல் காணப்பட்டதாகச் சொன்னது. தோட்டங்களில் இந்த ஊசி பழக்கமானது என்பதால் இதை நிதானமாக விளங்க வேண்டும். மிகச் சிறிய ஒரு எண்ணை ஐந்தால் பெருக்கினாலும் அது சிறிய எண்தான். ஊசி போட்ட மிகப் பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கட்டி வருவதில்லை. தானாக நிறுத்திவிட்டு எதிர்பாராத கர்ப்பத்தில் போய் நிற்பது புத்தியல்ல. ஆனால் மெனிஞ்சியோமா இருப்பதாகச் சொல்லப்பட்ட பெண், தான் அந்த ஊசி போடுவதை வைத்தியரிடமும் குடும்பநல மாதுவிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். வேறு முறைக்கு மாற்றுவார்கள். இத்தகைய ஓமோன் மருந்துகளை நிறுத்திய பின் கட்டி வளர்வது நின்றதும் சுருங்கியதும் உண்டு.

ஐந்தாவது: அது மெனிஞ்சியோமாவே அல்லாமல் இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் போன்றவை மூளையுறையில் வந்து படிந்து, ஸ்கேனில் இதே போலத் தோன்றும். காசநோயும் மூளையுறையில் கட்டியாகத் திரளும். அது மருந்தால் மாறக்கூடியது. ஆகவேதான் படம் எடுத்ததோடு முடிவு சொல்லாமல், சில வேளை மார்பையும் சுவாசப்பையையும் சோதிப்பார்கள், ஒரு துண்டு இழையம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். "தலையில கட்டிக்கு ஏன் நெஞ்சப் படம் எடுக்கிறாங்க?" என்று கோபப்பட்டு வார்டை விட்டு வருவது இங்கே நடக்கிற விஷயம். கேட்டால் காரணம் சொல்வார்கள்.

அறிகுறியும் சோதனையும்

கட்டி எங்கே அழுத்துகிறதோ அதைப் பொறுத்தது அறிகுறி. விடிய எழும்பும்போது கூடுகிற தலையிடி, வாந்தி, முன்பு இல்லாத வலிப்பு, ஒரு கண்ணில் பார்வை மங்கல், மணம் தெரியாமை, ஒரு காது மந்தம். நெற்றிப் பக்கத்துக் கட்டி மனிதரின் குணத்தையே மாற்றும். கலகலப்பாக இருந்த உம்மா பேசாமல் மூலையில் குந்துவார். பொறுமையான வாப்பா தொட்டதற்கெல்லாம் சண்டை பிடிப்பார். இதைத்தான் ஜின் என்றும் செய்வினை என்றும் சொல்லி மாதக்கணக்கில் காலம் கடத்துகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் புதிதாகக் குணம் மாறினால், புதிதாக வலிப்பு வந்தால், ஓதுவதோடு ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்கிறேன்.

முள்ளந்தண்டுக் கட்டி இன்னும் மறைந்திருக்கும். பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில், பெண்களுக்கே கூடுதலாக வரும். கால் மெல்ல மெல்லப் பாரமாகும், விறைக்கும், செருப்பு கழன்றாலும் தெரியாது, நடை தள்ளாடும், கடைசியில் சலம் அடங்காது. தம்பேதன்னைப் பக்கத்து மலைச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற பெண்ணுக்குக் கால் தளர்ந்தால், "வேலக் களைப்பு, வாதம்" என்று எண்ணெய் தேய்ப்பதுதான் நடக்கும். இரண்டு காலும் சேர்ந்து தளர்வதும், அதோடு சலம் போவதில் மாற்றம் வருவதும் வாதமல்ல. அது அவசரம்.

சோதனையில் முதன்மையானது, கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அந்த மருந்தில் கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். வன்றாயியோடு ஒட்டிய இடத்தில் வால் போல ஒரு கோடு தெரியும். சிறுநீரக வருத்தம் இருந்தாலோ உடம்புக்குள் உலோகம் வைத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். தலையில் பல கட்டி கண்டால், முள்ளந்தண்டு முழுவதையும் படம் எடுக்க வேண்டுமா என்று வைத்தியர் யோசிப்பார்; காதையும் கண்ணையும் சோதிப்பிப்பார். இளவயதினராக இருந்தால் மரபணுச் சோதனை பற்றியும் பேசுவார்.

எத்தனை என்பதல்ல, எது என்பது

சிகிச்சையில் விளங்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான். வைத்தியர் கட்டிகளின் தொகையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறார். ஐந்து இருந்தால் அறிகுறி தருவது எது, வளர்வது எது, ஆபத்தான இடத்தில் இருப்பது எது என்று பார்ப்பார். அதை மட்டும் எடுப்பார். மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அஞ்சையும் எடுங்க டொக்டர்" என்று கெஞ்சுவதும், "ஒண்ட எடுத்து என்ன, நாலு ஈக்கிதே" என்று சத்திரசிகிச்சையை மறுப்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

பார்த்துக்கொண்டிருப்பது கைவிடுவதல்ல. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று, மாற்றமில்லை என்றால் இடைவெளியைக் கூட்டுவது என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவதுதான் இதில் உயிர்நாடி. எனவே ஸ்கேன் படங்களைக் காணி உறுதியைப் போலப் பாதுகாக்க வேண்டும்.

சத்திரசிகிச்சையில் கட்டியையும் அது ஒட்டிய வன்றாயியையும் முடிந்தவரை அகற்றுவார்கள். எவ்வளவு அகற்றினால் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்று டொனால்ட் சிம்ப்சன் 1957 இல் ஐந்து படிகளாக வகுத்தது இன்றும் பயன்படுகிறது. மிச்சம் விட்டால் அது வளரக்கூடும். இதற்குப் பழைய உதாரணம் அமெரிக்கத் தளபதி லெனர்ட் வூட். பிலிப்பைன்ஸின் மோரோ முஸ்லிம்கள் 1906 புத் தாஹோ படுகொலையோடு சேர்த்து நினைக்கிற பெயர் அது. அவருடைய மூளையுறைக் கட்டியை 1910 இல் குஷிங் அகற்றினார். வூட் பல வருடம் பதவிகளில் இருந்தார். கட்டி திரும்ப வளர்ந்து, 1927 இல் மறுபடி செய்த சத்திரசிகிச்சையை அடுத்து இறந்தார். அன்று ஸ்கேன் இல்லை; வளர்வதை இடையில் பார்க்க வழியும் இல்லை. இன்று இருக்கிறது.

முள்ளந்தண்டுக் கட்டியை எடுத்தபின் நடக்க முடியாதிருந்தவர்களும் நடப்பதுண்டு. ஆனால் தாமதம் கூடக்கூட அந்த வாய்ப்புக் குறையும். எட்டாத இடத்துச் சிறு கட்டிகளுக்கும் மீந்தவற்றுக்கும் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சலாம். 1968 இல் ஸ்டொக்ஹோமில் லார்ஸ் லெக்ஸெல் தொடக்கிய 'காமா கத்தி' அப்படிப்பட்டது. பெயர்தான் கத்தி, வெட்டு இல்லை. வழக்கமான புற்றுநோய் மருந்துகள் இதில் பெரிதாகப் பலன் தருவதில்லை. வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்ஸாமெதசோனை திடீரென்று நிறுத்தக் கூடாது. அது சீனியையும் கூட்டும். வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது.

இங்கே றமழான் ஒரு பெரிய கேள்வி. நோன்பு பிடிக்க ஆசைப்பட்டு பகல் மருந்தை விட்டதால் வலிப்பு வந்து விழுந்தவர்கள் உண்டு. சிலருக்கு மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தரலாம், சிலருக்கு முடியாது. ஷஃபானிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கிறது. கழாவும் ஃபித்யாவும் அதற்காகத்தான். தலைக் கட்டு இருக்கும்போது வுழூவில் என்ன செய்வது, இருந்து தொழுவது எப்படி என்பதற்கெல்லாம் ஹஸரத்மாரிடம் விடை உண்டு. கேட்பதில் வெட்கமில்லை.

எங்கே போவது

நம் பகுதியிலிருந்து தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, அங்கிருந்து தேவைக்கேற்பக் கண்டி அல்லது கொழும்பு தேசிய வைத்தியசாலை என்று வழி போகிறது. அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம். காணி விற்று இந்தியா போக நினைப்பவர்கள் முதலில் இதை நினைவில் கொள்ளட்டும். வேலூரின் பேரைக் கேட்டால் நமக்குப் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் அங்கே ஓதிய பாக்கவிமாரும் ஞாபகம் வரும். அதே வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949 இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இரண்டாம் அபிப்பிராயம் தேவைப்பட்டால் அந்த ஊர்கள் இருக்கின்றன. ஆனால் அது இங்குள்ள வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்டு விளங்கிய பிறகு.

கிளினிக் நாளில் விடியப்புற பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, வைத்தியருக்கு முன்னால் கிடைக்கும் சில நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். ஆகவே கொப்பியின் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை கட்டி, அதில் வருத்தம் தருவது எது? மெனிஞ்சியோமாதானா, வேறு நோயாக இருக்கலாமா? முள்ளந்தண்டையும் பார்க்க வேண்டுமா? பிள்ளைகளையும் சகோதரங்களையும் சோதிக்க வேண்டுமா? எடுக்காமல் விடும் கட்டிகளுக்கு அடுத்த ஸ்கேன் எப்போது? எந்த அறிகுறி வந்தால் திகதிக்குக் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்? வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த திகதி மழையென்றாலும், பெருநாள் நெருக்கமென்றாலும் தவறவிடாதீர்கள்.